இடது கைக்கு விழும் சிவப்பு

இரண்டாவது பாட்டு முடிந்தபோதே நெல்லையப்பனுக்குப் போதும் என்றிருந்தது. ஆனால் டிவியோடு மாட்டியிருந்த அந்த ஆட்டப் பெட்டிக்கு அது தெரியாது, அது பாட்டுக்கு மூன்றாவதைத் தொடங்கிவிட்டது, டிவி முழுக்க மறுபடியும் கடற்கரை, தென்னை மரம் மாதிரி ஏதோ மரம், அதன் அடியில் ஊதா நிறத்தில் ஒரு ஆள், பக்கத்தில் மஞ்சள் நிறத்தில் ஒருத்தி, முகம் கிடையாது இரண்டு பேருக்கும், முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெளிச்சம். ஊதா அவர். மஞ்சள் அவர் மனைவி செண்பகம். அவர்கள் ஆடுகிறபடி இவர்கள் ஆட வேண்டும், சரியாக ஆடினால் அந்த உருவத்தின் கையிலும் காலிலும் பச்சை வெளிச்சம் விழும், தவறினால் சிவப்பு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், எதிர் பிளாக்கில் யாரும் பார்த்துவிடக் கூடாதென்று ஜன்னல் திரையை இழுத்துவிட்டிருந்தார்கள், அதனால் ஹாலுக்குள் காற்றே இல்லை, மின்விசிறி இருக்கிற புழுக்கத்தையே எடுத்துச் சுற்றிச் சுற்றி மேலே கொட்டிக்கொண்டிருந்தது. ஐம்பத்தாறு வயதில் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு டிவிக்கு முன்னால் குதிப்போம் என்று யாராவது சொல்லியிருந்தால் அவர் அந்த ஆளை பஸ்ஸிலேயே ஏற்றியிருக்க மாட்டார். எல்லாம் சர்க்கரை செய்த வேலை. நடக்கச் சொன்னார் டாக்டர். எங்கே நடப்பது, வில்லிவாக்கத்துத் தெருவில் பாதி நாய், பாதி பள்ளம், அதுவும் விடிவதற்கு முன்னால் எழுந்து காலேஜ் பஸ்ஸை எடுத்து அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் ஓட்டுகிறவனுக்குச் சாயங்காலமும் ரோட்டைப் பார்க்க வேண்டுமென்றால் வெறுத்துப்போகாதா. மகள் பவித்ராதான் பூனாவிலிருந்து தீபாவளிக்கு வந்தபோது இந்தப் பெட்டியை வாங்கிவந்தாள். ரோட்டுக்கே போக வேண்டாம்ப்பா, ஹாலிலேயே ஆடுங்கள், கேமரா உங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கும் என்றாள். பார்த்துக்கொண்டே இருக்கும் என்று அன்றைக்கு அவள் சொன்னது சாதாரணமாகத்தான் இருந்தது. டிவிக்குக் கீழே கறுப்பாக, ஒரு பட்டாணி அளவுக்குக் கண். அவரைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தது.

வலது கால், இடது கால், ஒரு திரும்பு, இரண்டு கையும் மேலே. வலது கையில் பச்சை. இடது கையில் சிவப்பு. தூக்கினோமே, என்று நினைத்தார். தூக்கினோம் என்றுதான் தோன்றியது, மனசு தூக்கிவிட்டது, தோள்வரைக்கும் உத்தரவு போய்விட்டது, ஆனால் கை பாதி வழியில் ஏதோ யோசித்துக்கொண்டு நின்றுவிட்டு, மஞ்சளும் ஊதாவும் அடுத்த அடிக்குப் போன பிறகு மெள்ள வந்து சேர்ந்தது. மறுபடி இரண்டு கையும் பக்கவாட்டில். பச்சை, சிவப்பு. மூச்சு வாங்கியது. ஆரம்பத்தில் இது ஒரு வேடிக்கையாக இருந்தது. முப்பது வருஷத்தில் கல்யாண வீட்டில்கூடச் சேர்ந்து நாலு அடி வைக்காத இரண்டு பேர் டிவி சொன்னபடி இடுப்பை ஆட்டினால் வேடிக்கையாக இல்லாமல் எப்படி இருக்கும், கீழ் வீட்டுக்காரர் மாடிப்படியில் நிறுத்தி, வீட்டிலேயே மிளகாய் இடிக்கிறீர்களா என்று கேட்டபோது செண்பகம் வாயைப் பொத்திக்கொண்டு ஓடிவந்து ஹாலில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பு அடங்குவதற்குள் பால் பொங்கிவிட்டது. அவளுக்கு இது வந்தது. எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை, உட்கார்ந்தால் எழுந்திருக்க முட்டியைப் பிடித்துக்கொள்கிறவள், பாட்டு தொடங்கியதும் நைட்டி மேல் போட்ட துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஒரு அடி தவறாமல் ஆடினாள், மஞ்சளுக்கு மேல் பச்சையாகவே கொட்டியது. அவருக்குத்தான் அந்த இடது கை. பெட்டி வந்த புதிதிலேயே அவள் கண்டுபிடித்துச் சொன்னாள், உங்க இடது கை இன்னும் பஸ்ஸைவிட்டு இறங்கல, கியரைப் பிடிச்சுக்கிட்டே இருக்கு என்று. அவரும் சிரித்தார். உண்மைதானே, முப்பது வருஷமாக அந்தக் கைக்கு அந்த ஒரு வேலைதான், அது எங்கே போய் ஆடக் கற்றுக்கொள்ளும்.

அப்புறம் கேமராவைச் சந்தேகப்பட்டார். சோபாவைச் சுவரோரம் தள்ளினார், இடதுபக்கம் வெளிச்சம் போதவில்லையோ என்று டியூப்லைட்டை மாற்றினார், மூக்குக் கண்ணாடி துடைக்கிற துணியால் அந்தக் கறுப்புக் கண்ணைத் துடைத்துத் துடைத்து வைத்தார். பவித்ராவிடம் போனில் சொன்னபோது அவள் அதை அணைத்து மறுபடி போட்டுப் பாருங்கள் என்றாள், அணைத்துப் போட்டார். முழுக்கைச் சட்டை போட்டால் கை தெரியாது என்று பனியனோடு ஆடினார். சிவப்பு. நிற்கிற இடத்தை மாற்றி, செண்பகத்தின் பக்கம் அவரும் அவர் பக்கம் செண்பகமுமாக நின்று பார்த்தார்கள், இடம் மாறியது, சிவப்பு அவர் கூடவே நடந்து வந்தது. அன்றைக்கு அவள் எதுவும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லவில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது, அப்போது அவருக்குத் தாகம், தண்ணீர் கொண்டுவா என்றார், கொண்டுவந்தாள், அவ்வளவுதான். எந்திரம் என்றால் ஏதாவது ஒன்று இருக்கத்தான் செய்யும், புதுசோ பழசோ, எந்திரத்தை நம்ப முடியாது. பஸ்ஸையே எடுத்துக்கொள்ளலாமே. பாடி மேம்பாலத்து இறக்கத்தில் அன்றைக்கு மூன்றாவது கியர் விழவில்லை. கிளட்சை மிதித்தாயிற்று, கை போக வேண்டும், போகவில்லை, இல்லை, போனது, தாமதமாகப் போனது, வண்டி ஒரு உலுக்கு உலுக்கியது, முன் சீட்டில் இருந்த பெண்பிள்ளைகள் ஒருத்திமேல் ஒருத்தி சாய்ந்து சிரித்தார்கள், என்ன அங்கிள் தூக்கமா என்றாள் ஒருத்தி. அவரும் கண்ணாடியில் பார்த்துச் சிரித்துவைத்தார், ஆனால் முதுகு முழுக்க வேர்வை. கியர் பெட்டி மக்கர் பண்ணுகிறது என்று ஷெட்டில் எழுதிக்கொடுத்தார். மெக்கானிக் சேவியர் படுத்துக்கொண்டே அடியில் போய் அரைமணி நேரம் பார்த்துவிட்டு வெளியே வந்து கையைத் துடைத்தபடி, பெட்டி பூப்போல இருக்கு அண்ணே என்றான். பூப்போல. பூப்போல இருக்கிற பெட்டியில் கியர் ஏன் விழவில்லை. சேவியருக்கு வயதாகிவிட்டது, அவனுக்குச் சரியாகப் பார்க்கத் தெரியவில்லை என்று வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டார், சேவியர் அவரைவிடப் பதினைந்து வயது சின்னவன் என்பது வீடு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

பாட்டில் இப்போது யாரோ ஒரு பெண் என்ன பாஷையோ தெரியவில்லை, கெஞ்சுகிற மாதிரி இழுத்தாள், ஊதாவும் மஞ்சளும் கையை நெஞ்சில் வைத்து எடுத்தார்கள், நெஞ்சில் வைத்து எடுத்தார்கள். நெஞ்சில் வைப்பது பரவாயில்லை, கிட்டத்தில்தான் இருக்கிறது, கை போய்விடும். போனது. பச்சை. சின்னதாக ஒரு சந்தோஷம், உடனே அதன்மேல் ஒரு வெட்கம், இதற்கெல்லாம் சந்தோஷப்படுகிற நிலைக்கு வந்துவிட்டோமா. நடுக்கம் இல்லை, அதுதான் முக்கியம். நடுக்கம் இருந்தால்தான் பயப்பட வேண்டும். ஞானதுரைக்கு நடுங்கியது. ஞானதுரை இதே காலேஜில் இரண்டாம் நம்பர் வண்டி ஓட்டினான், சிரித்தால் கண் மூடிக்கொள்ளும் அவனுக்கு, டீக்கடையில் ஒருநாள் கிளாஸ் அவன் கையில் தட்டுமேல் கடகடவென்று அடித்துக்கொண்டது, குளிரா என்று கேட்டதற்கு ஆமாம் என்றான், மே மாசம். அப்புறம் அவனை வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள், இறக்காமல் என்ன செய்வார்கள், பிள்ளைகள் இருக்கிற வண்டி, கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுக்கொடுத்தார்கள், வருகிற போகிற வண்டியைப் பார்த்துக்கொண்டிருப்பான், ஒரு கையைத் தொடைக்கு அடியில் கொடுத்து அதன்மேல் உட்கார்ந்திருப்பான். நெல்லையப்பன் வண்டியை உள்ளே விடும்போது ஹாரனைத் தொட்டுவிட்டுப் போவார், ஞானதுரை தலையை ஆட்டுவான், கையை எடுக்க மாட்டான். ஒருநாள் நாற்காலியும் இல்லை. எங்கே போனான் என்று யாரையும் அவர் கேட்கவில்லை, கேட்டால் சொல்லிவிடுவார்களே என்றுதான் கேட்கவில்லை. தனக்கு நடுக்கம் இல்லை. குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு கையை நீட்டிப் பார்ப்பார், பலகை மாதிரி நிற்கும். பலகை மாதிரி நிற்பதும் சரியில்லையோ என்று இந்த வாரம்தான் தோன்ற ஆரம்பித்திருக்கிறது, கை என்றால் கொஞ்சம் அசையத்தானே வேண்டும், நடக்கும்போது வீசத்தானே வேண்டும், ஷெட்டிலிருந்து கேட்டுக்கு நடக்கையில் தரையில் விழுந்த தன் நிழலைப் பார்த்தார், ஒரு கை போய்ப்போய் வந்தது, இன்னொன்று யாரோ கொடுத்துவிட்டுப் போன பையைப் போலக் கூடவே வந்தது. நிழல்தானே. நிழல் அப்படித்தான் விழும்.

இரண்டு அடி பின்னால், ஒரு குனி, நிமிர். கால் நோகிறது, வாய் உலர்ந்துவிட்டது, இந்தப் பாட்டு முடியவே முடியாது போலிருக்கிறது. செண்பகம் பக்கத்தில்தான் இருக்கிறாள், அவள் மூச்சு கேட்கிறது, ஆனால் சிரிப்பு இல்லை. எப்போதிலிருந்து இல்லை. அதுதான் அவருக்குப் பிடிபடவில்லை, அதையேதான் மனசு விட்ட இடத்திலிருந்து பிடித்துப் பிடித்து இழுக்கிறது. பொங்கலுக்கு முன்னால் சிரித்தாள், இடது கை பஸ்ஸில் இருக்கிறது என்பதை அவள் தங்கச்சி வந்திருந்தபோதுகூடச் சொல்லிச் சிரித்தாள். பொங்கலுக்கு அப்புறம் சிரித்தாளா. இடம் மாறி நின்றார்களே, அன்றைக்குச் சிரிக்கவில்லை. அதற்கப்புறம் ஒருநாள் வேலைக்குக் கிளம்பும்போது அவர் சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார், அடுப்படியிலிருந்து வந்தவள் கழுத்துவரைக்கும் பொத்தானைப் போட்டுவிட்டு, ஏதோ தூசி தட்டுகிற மாதிரி தோளைத் தட்டிவிட்டுப் போனாள். கல்யாணமான புதிதில்கூட அப்படிப் போட்டுவிட்டதில்லை. தோள் வலிக்கிறதா என்று கேட்டாள் இன்னொரு நாள், எதற்குக் கேட்கிறாய் என்றார், சும்மாதான் என்றாள். பால் அடிப்பிடித்துத் தீய்ந்து வீடு முழுக்கப் புகையாக இருக்கும்போது ஹாலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தீர்களே, வாசனை வரவில்லையா என்று கேட்டபோதும் அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருக்க வேண்டும். செண்பகத்துக்குப் பால் தீய்ந்தால் கோபம் வரும். போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள், இவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்ததும், சரி வெச்சிடறேன் என்றாள், யார் என்றதற்கு பவித்ரா என்றாள், பவித்ரா என்றால் போனை அவரிடம் கொடுப்பாளே, கொடுக்கவில்லை. ஒரு மனுஷி சிரிப்பதை நிறுத்திவிட்டாள் என்பதை இவ்வளவு நாள் கழித்தா கவனிப்பது. கவனித்துத்தான் இருந்தார். கவனித்ததை எடுத்துப் பார்க்காமல் உள்ளே எங்கேயோ தள்ளித் தள்ளி வைத்திருந்தார், இப்போது மூச்சு முட்டுகிற நேரத்தில் எல்லாம் ஒன்றாகச் சரிகிறது.

அப்போதுதான் அவர் அதைப் பார்த்தார். மஞ்சளின் இடது கையில் சிவப்பு. ஏதோ தவறிவிட்டாள் என்று நினைப்பதற்குள் மறுபடியும் சிவப்பு. இரண்டு கையும் மேலே போகிற இடம் வந்தது, ஊதாவுக்கு வலதில் பச்சை இடதில் சிவப்பு, மஞ்சளுக்கும் வலதில் பச்சை இடதில் சிவப்பு, அச்சடித்த மாதிரி. செண்பகத்துக்கு. ஒரு அடி தவறாத செண்பகத்துக்கு. நெல்லையப்பனுக்கு ஒரு நிமிஷம் கால் தரையில் பாவவில்லை. கேமராதான். கேமராவேதான், நான்தான் அப்போதே சொன்னேனே, இடதுபக்கம் அதற்குத் தெரியவில்லை, இப்போது முழுசாகவே போய்விட்டது, இரண்டு பேருக்கும் தெரியவில்லை. உள்ளே எங்கேயோ இறுகிக் கிடந்தது கயிறு அவிழ்ந்த மாதிரி விட்டுப்போயிற்று, சேவியரும் தப்பு, நிழலும் தப்பு, கியர் பெட்டியில் இருக்கிறது கோளாறு, நாளைக்கே வேறு மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்ல வேண்டும், பவித்ராவிடம் சொல்லி இந்தப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கச் சொல்ல வேண்டும், இல்லை, திருப்ப வேண்டாம், கேமராவை மட்டும் மாற்றினால் போதும், ஞானதுரையை ஒருநாள் போய்ப் பார்க்கலாம், பாவம், அவனைப் பார்க்காமலே இருந்துவிட்டோம், இந்த ஞாயிற்றுக்கிழமை சமையலே வேண்டாம், வெளியே போய்ப் பரோட்டா சாப்பிடலாம், சர்க்கரையாவது ஒன்றாவது. வாயில் சிரிப்பு வந்துவிட்டது. இதை இப்போதே அவளிடம் சொல்ல வேண்டும். பார்த்தாயா, உனக்கும் வருது பார் என்று சொல்வதற்காக, டிவியைவிட்டு முகத்தைத் திருப்பினார்.

செண்பகம் ஆடிக்கொண்டிருந்தாள். கால் சரியாகப் போனது, வலது கை காதைத் தொட்டுக்கொண்டு நேராக மேலே நின்றது. இடது கை கீழே இருந்தது. தொங்கவில்லை, சோர்ந்துபோய் இறங்கியிருக்கவில்லை. நைட்டித் துணியைத் தொடையோடு சேர்த்து விரல் வெளுக்கும்படி கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. பாட்டின் இழுப்புக்கு அந்தக் கை தானாக எழப் பார்ப்பதும், அவள் அதை அழுத்தி வைப்பதும், முழங்கைவரைக்கும் தெரிந்தது. கண் டிவியிலேயே இருந்தது, கன்னத்தில் வழிந்ததை வேர்வை என்றுதான் முதலில் நினைத்தார். அவர் ஆடுவதை நிறுத்தினார். ஊதாவுக்குக் கையிலும் காலிலும் சிவப்பு கொட்டியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் முடிந்துவிடும் என்பதுபோல டிவியையே பார்த்து இன்னும் இரண்டு அடி வைத்தாள்.

"கையைத் தூக்கு, செண்பகம்" என்றார்.

அவள் நின்றுவிட்டாள். பாட்டு நிற்கவில்லை. துணியை விட்டாள், பிடித்த இடம் கசங்கி ஒரு பூ மாதிரி நின்றது, அதைக் கையால் தேய்த்து நேராக்கினாள், மறுபடி நேராக்கினாள்.

"எத்தனை நாளா இப்படி ஆடறே?"

இன்றைக்குத்தான், என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். முதல் பாட்டிலிருந்து. நேற்று ராத்திரி அவர் தூங்கின பிறகு யோசித்தாளாம், இரண்டு பேருக்கும் வந்தால் கேமராதான் என்று நினைத்துக்கொள்வாராம், வியாழக்கிழமை வரைக்குமாவது நிம்மதியாக இருப்பாராம். வியாழக்கிழமை என்ன என்பதையும் அவளே சொன்னாள், பவித்ராவிடம் சொன்னதும் அவள் யாரையோ பிடித்து நரம்பு டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டாள், கூட வருவதற்கு லீவும் போட்டுவிட்டாள், அப்பாவிடம் எப்படிச் சொல்வதென்றுதான் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. சொல்லிக்கொண்டே முந்தானை இல்லாத தோளில் முந்தானையைத் தேடி, கடைசியில் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அவர் சோபாவில் உட்கார்ந்தார். கோபம் வரும் என்று பார்த்தார், வரவில்லை, கோபப்படுவதற்குக்கூடத் தெம்பு வேண்டும். அம்மாவும் பெண்ணும் அவருக்குத் தெரியாமல் அவர் உடம்பைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள், அவர் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அதே நாட்களில். இத்தனூண்டு வீட்டில் மூன்று அறைக்குள் ஆளுக்கொரு பக்கம் ஒரே பயத்தை ஒளித்துவைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமையானால் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஆடியிருக்கிறார்கள்.

"நானும் அப்படித்தான் நினைச்சேன். கேமராதான்னு" என்றார். "கொஞ்ச நேரம் நல்லாத்தான் இருந்துச்சு."

அவள் அவருக்கு இடதுபக்கம் வந்து உட்கார்ந்தாள். அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள், பிடித்துவிடவில்லை, நீவவில்லை, சும்மா வைத்துக்கொண்டாள். அவள் உள்ளங்கைச் சூடு தெரிந்தது. தெரிகிறதே, என்று நினைத்தார். வியாழக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறது, அதற்கு முன்னால் திங்கட்கிழமை இருக்கிறது, நாளை விடிவதற்கு முன்னால் வண்டி ஷெட்டில் நிற்கும், பாடி இறக்கம் அதே இடத்தில் இருக்கும், என்ன அங்கிள் தூக்கமா என்று கேட்டவள் முன் சீட்டில் உட்கார்ந்திருப்பாள். போனை எடுத்துக்கொண்டுவா என்றார். வண்டிகளைப் பார்த்துக்கொள்கிற சுந்தரேசனுக்கு ஞாயிற்றுக்கிழமை போன் வந்தால் பிடிக்காது, இரண்டு தடவை அடித்து ஓய்ந்து மூன்றாவது தடவைதான் எடுத்தான். நாளைக்கு வண்டி எடுக்க முடியாது, வேறு ஆளைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றார் நெல்லையப்பன். எத்தனை நாள் லீவு என்று கேட்டான் அவன். காய்ச்சல் என்று சொல்லலாம், ஊரில் ஒரு சாவு என்று சொல்லலாம், ஒரு வாரத்தைத் தள்ளிவிடலாம். செண்பகம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கை சரியில்ல சார்" என்றார். "கியர் போட முடியல. டாக்டர் பாத்துச் சொல்ற வரைக்கும் பஸ்ஸைத் தொட மாட்டேன்."

சுந்தரேசன், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் அண்ணே என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான், இதுவரைக்கும் அவன் அண்ணே என்று கூப்பிட்டதில்லை. வைத்த பிறகு நெல்லையப்பனுக்குத் தூக்கம் தூக்கமாக வந்தது. இத்தனை வருஷத்துக் காலைத் தூக்கமும் ஒன்றாகச் சேர்ந்து கண்ணிமையில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. பயம் போகவில்லை, அது அங்கேயேதான் இருந்தது, ஆனால் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டிய வேலை மட்டும் முடிந்துவிட்டது. டிவியில் அடுத்த பாட்டு தானாகவே தொடங்கியிருந்தது, ஊதாவும் மஞ்சளும் யாரும் வராத கடற்கரையில் ஆடிக்கொண்டிருந்தார்கள். செண்பகம் அதை அணைக்க எழுந்தாள்.

"அணைக்காதே, நீ ஆடு" என்றார்.

இப்போதா என்பதுபோலப் பார்த்தாள்.

"ரெண்டு கையையும் தூக்கி ஆடு. நான் பாக்கணும்."

அவள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு டிவிக்கு முன்னால் போனாள், முதலில் கால் மட்டும் போனது, கை வெட்கப்பட்டது, ஒரு திரும்பு திரும்பி அவர் பக்கம் வரும்போது முகம் கோணியது, அழுகையா வேறு ஏதாவதா என்று சொல்ல முடியவில்லை, அதற்குள் பாட்டு அவளை எடுத்துக்கொண்டுவிட்டது. இரண்டு கையும் மேலே போயின. டிவியில் பச்சை விழுந்ததா என்று நெல்லையப்பன் பார்க்கவில்லை. இந்த ஹாலில் இத்தனை நாள் இவள் பக்கத்தில் நின்று ஆடியும் இவள் ஆடுவதை அவர் பார்த்ததே இல்லை, முகமில்லாத மஞ்சளைத்தான் பார்த்திருக்கிறார். இவளுக்கு முகம் இருந்தது. மூக்கு நுனியில் வேர்வை, கடைவாயில் கடித்துக்கொண்ட உதடு, நரைத்த ஒரு கற்றை அவிழ்ந்து ஒவ்வொரு திரும்புக்கும் ஒரு கணம் பின்தங்கிச் சுற்றியது. கால் வைக்கும்போதெல்லாம் தரையின் அதிர்வு சோபாவில் ஏறி அவர் உடம்புக்கு வந்தது.